டீன் ஜோன்ஸ்: சேப்பாக்கத்து 210-ம் அதன் பிறகும்

டீன் மெர்வின் ஜோன்ஸ் (24 மார்ச் 1961 – 24 செப்டம்பர் 2020) ஆஸ்திரேலியத் தொழில்முறை கிரிக்கெட் வீரர். விக்டோரியா மாநில அணியின் வலதுகை மட்டையாளர். 1984 முதல் 1994 வரை ஆஸ்திரேலியாவுக்காக 52 டெஸ்ட் போட்டிகளிலும் 164 ஒருநாள் போட்டிகளிலும் ஆடினார். பின்னாளில் வர்ணனையாளராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். 1986-இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் அவர் அடித்த 210 ரன்கள், டெஸ்ட் கிரிக்கெட்டின் இரண்டாவது சமனான ஆட்டத்துக்கு அடித்தளமிட்ட இன்னிங்ஸ். தமிழ்நாட்டில் அவர் பெயர் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஓர் ஆட்டத்தை வைத்தே அவரை அறிவார்கள். அதே வீரர் ஆறு ஆண்டுகள் கழித்து, 31 வயதில், ஆடிய கடைசித் தொடரில் ஒரு சதமும் இரண்டு அரைசதங்களும் அடித்த நிலையில் டெஸ்ட் அணியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு அவர் ஒரு டெஸ்டில்கூட ஆடவில்லை என்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தியல்ல.

தொடக்கம்

மெல்போர்ன் நகரின் கோபர்க் பகுதியில் பிறந்தவர். 1981–82 பருவத்தில் விக்டோரியாவுக்காக முதல்தர ஆட்டங்களில் இறங்கினார். ஆஸ்திரேலிய அணிக்கு அவர் வந்து சேர்ந்த காலம் சாதாரணமானதல்ல. கிரெக் சாப்பல், டென்னிஸ் லில்லி, ராட் மார்ஷ் ஆகிய மூவரும் 1984 ஜனவரியில் ஒரே டெஸ்டுடன் விடைபெற்றனர். அதே மாதம் அடிலெய்டில் பாகிஸ்தானுக்கு எதிராக ஜோன்ஸ் தன் முதல் ஒருநாள் போட்டியில் ஆடினார். மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் 324-ஆவது டெஸ்ட் வீரர் அவர்.

அந்த டெஸ்டில் உடல்நலம் சரியில்லாமலேயே களமிறங்கி 48 ரன்கள் எடுத்தார். மேல்வரிசை சரிந்திருந்த வேளையில் ஆலன் பார்டருக்குத் துணைநின்று எடுத்தவை அவை. பார்டர் அந்த இன்னிங்ஸில் 98, அடுத்த இன்னிங்ஸில் 100, இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. பின்னாளில் எத்தனையோ சதங்கள் அடித்த பிறகும், தன் மிகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் ஜோன்ஸ் இந்த 48-ஐத்தான் சொல்வார். அந்தத் தொடரில் இரண்டு டெஸ்டுகளோடு அவர் வாய்ப்பு முடிந்தது. அடுத்த வாய்ப்புக்கு இரண்டரை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் மேலும் தாழ்ந்தது. 1984 நவம்பரில் கிம் ஹியூஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். இனவொதுக்கலால் விலக்கிவைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு, வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கூட்டம் ஆடப்போனது. அதில் பல டெஸ்ட் வீரர்கள் இருந்தனர். 1985-இல் ஆஷஸ் கைநழுவியது. அதன்பின் நியூசிலாந்திடமும் தொடர் தோல்வி. ஆக, 1986 செப்டம்பரில் சென்னைக்கு வந்து இறங்கியது அனுபவம் குறைந்த, நம்பிக்கை குன்றிய ஓர் அணி. தலைவர் பார்டர், பயிற்சியாளர் பாப் சிம்ப்சன். தன் மூன்றாவது டெஸ்டை ஆட வந்த ஜோன்ஸிடம், மூன்றாவது இடத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லப்பட்டது.

சேப்பாக்கம், செப்டம்பர் 1986

செப்டம்பர் நடுப்பகுதியில் சென்னையில் வெயில் ஓய்ந்திருக்காது, வடகிழக்குப் பருவமழையும் வந்திருக்காது. கடல் அருகில் இருப்பதால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது உலராது, ஆடையை நனைத்துக்கொண்டே இருக்கும். உடல் சூடு இறங்காமலே நீரும் உப்பும் மட்டும் வெளியேறும். மைதானத்தை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் நாற்றம் வேறு. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசிய ஆஸ்திரேலிய வீரர்கள் வெயிலுக்கு அடுத்தபடியாகச் சொல்வது அந்த நாற்றத்தைத்தான். சென்னைவாசிகள் இதில் மனம் கோண வேண்டியதில்லை. கால்வாயைப் பற்றி நாமும் அதைத்தான் சொல்கிறோம்.

செப்டம்பர் 18 அன்று ஆட்டம் தொடங்கியது. டேவிட் பூன் 122 ரன்கள் எடுத்தார். ஜோன்ஸும் அவரும் சேர்ந்து இரண்டாவது விக்கெட்டுக்கு 158 ரன்கள் குவித்தனர். முதல் நாள் முடிவில் ஜோன்ஸ் 56 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். கதை இரண்டாம் நாளில் நடக்கிறது. சதம் கடந்த சிறிது நேரத்தில் தசைப்பிடிப்பு தொடங்கியது. ஆடுகளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தார். தன்னை அறியாமல் சிறுநீர் கழிந்தது. ஓட முடியாமல் போனதால் நின்ற இடத்திலிருந்தே பெரிய அடிகளாக அடிக்க முயன்றார். இடைவேளைகளில் சக வீரர்கள் அவரைப் பனிக்கட்டித் தண்ணீரில் அமர்த்தி, காலுறையும் காப்பும் மாற்றி மறுபடி அனுப்பிவைத்தனர். 120-க்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி தனக்கு நினைவில்லை என்று அவரே பின்னர் கூறினார்.

170-ஐ எட்டியபோது, தன்னால் முடியவில்லை, வெளியேறுகிறேன் என்று எதிர்முனையில் நின்ற பார்டரிடம் கேட்டார். பார்டர் தந்த பதில் ஆஸ்திரேலிய கிரிக்கெட்டில் பழங்கதைபோல் சொல்லப்படுகிறது. நீ போய்க்கொள், மனத்திடமுள்ள ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை அனுப்பு என்றாராம். அடுத்து இறங்க வேண்டிய கிரெக் ரிச்சி குயின்ஸ்லாந்து மாநிலத்தவர். பார்டரும் அந்த மாநிலத்துக்கே ஆடினார். விக்டோரியாக்காரரான ஜோன்ஸுக்கு அது உறைத்தது. அவர் போகவில்லை. இன்றைக்கு எந்த அணி மருத்துவரும் இதை அனுமதிக்கமாட்டார். வீரம் என்று நாம் கொண்டாடும் நிகழ்ச்சியின் மறுபக்கம், ஓர் இளைஞரின் உயிரோடு விளையாடிய அறியாமை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பார்டரே பிற்காலத்தில் அதை நினைத்து வருந்தியிருக்கிறார்.

503 நிமிடங்கள், 330 பந்துகள், 27 பவுண்டரிகள், 2 சிக்ஸர்கள். 210-இல் சிவ்லால் யாதவின் பந்தில் ஜோன்ஸ் போல்டானார். இந்திய மண்ணில் ஓர் ஆஸ்திரேலியர் அடித்த முதல் டெஸ்ட் இரட்டைச் சதம் அது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று சலைன் ஏற்றினர். பார்டர் 106 எடுத்தார். ஜோன்ஸும் அவரும் சேர்த்த 178 ரன்களின் பலத்தில் ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 என்று டிக்ளேர் செய்தது.

இந்தியா ஃபாலோ-ஆனைத் தவிர்க்க 375 எடுக்க வேண்டியிருந்தது. கபில்தேவ் 119 அடித்து அணியை 397 வரை கொண்டுபோனார். ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட்டுக்கு 170 எடுத்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஜோன்ஸ் அதில் 24. கடைசி நாள் காலை பார்டர் துணிந்து டிக்ளேர் செய்ய, இந்தியாவுக்கு இலக்கு 348. தொடர்ச்சியாக நூறாவது டெஸ்டை ஆடிய கவாஸ்கர் 90 எடுத்தார். இந்தியா வெற்றியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. கடைசி ஓவரில் தேவை 4 ரன், கையில் ஒரே விக்கெட். கிரெக் மேத்யூஸ் பந்து வீசினார். ரவி சாஸ்திரி இரண்டாவது பந்தில் இரண்டு ரன்களும் மூன்றாவது பந்தில் ஒரு ரன்னும் எடுத்தார். ஆட்டம் சமன். மீதிப் பந்துகள் மணிந்தர் சிங்குக்கு. நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவதில் எல்பிடபிள்யூ என்று நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347. பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் இன்றளவும் சொல்லிவருகிறார்.

1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது முதல் சமனான டெஸ்ட். அதில் வீரராக ஆடிய பாப் சிம்ப்சன் இதில் பயிற்சியாளர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டெஸ்டுகளில் இந்த இரண்டு மட்டுமே இப்படி முடிந்தவை. ஆட்டநாயகன் விருது கபில்தேவுக்கும் ஜோன்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஒரு ரன்னின் மதிப்பு

அடுத்த ஆண்டு, 1987 அக்டோபர் 9, அதே சேப்பாக்கம், அதே இரு அணிகள். இம்முறை உலகக் கோப்பை. ஜெஃப் மார்ஷ் 110 எடுத்தார். ஜோன்ஸ் 39. அவர் அடித்த ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. அது தரையில் பட்டுச் சென்றதா, பறந்து சென்றதா என்பதில் ஐயம். அங்கே நின்ற ரவி சாஸ்திரியைக் கேட்டு, நடுவர் டிக்கி பேர்ட் பவுண்டரி என்று காட்டினார். ஆஸ்திரேலியர்கள் இடைவேளையில் முறையிட்டனர். கபில்தேவும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அது சிக்ஸராக மாற்றப்பட்டு, 268 என்றிருந்த எண்ணிக்கை 270 ஆனது. இந்தியா ஒரு பந்து மீதமிருக்க 269-க்கு ஆட்டமிழந்தது. கடைசியில் போல்டானவர் மீண்டும் மணிந்தர். வீசியவர் ஸ்டீவ் வாஹ். அந்த இரண்டு ரன் திருத்தப்படாமல் இருந்திருந்தால் ஆட்டம் இந்தியாவுக்கு. நவம்பர் 8 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இங்கிலாந்தை 7 ரன்னில் வென்று ஆஸ்திரேலியா முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

1992 உலகக் கோப்பையிலும் இதே கதை. பிரிஸ்பேனில் ஜோன்ஸ் இந்தியாவுக்கு எதிராக 90 எடுத்தார். மழையால் இலக்கு திருத்தப்பட்டு, கடைசிப் பந்தில் ரன் அவுட். மறுபடியும் ஒரே ரன்னில் ஆஸ்திரேலிய வெற்றி.

ஒற்றை ரன்களின் இந்தக் கணக்கு ஜோன்ஸின் தொழிலோடு நேரடித் தொடர்புடையது. ஒருநாள் ஆட்டத்துக்கு அவர் கொண்டுவந்த புதுமை சிக்ஸர் அல்ல, ஓட்டம். அன்றைய ஆஸ்திரேலிய மைதானங்களில் எல்லையைக் குறிக்கக் கயிறு போடுவதில்லை. வேலிதான் எல்லை. மெல்போர்ன் போன்ற பெரிய மைதானத்தில் பந்தை வேலிவரை அனுப்புவது கடினம். ஆனால், ஆளில்லாத இடத்தில் தட்டிவிட்டால் இரண்டோ மூன்றோ ஓடலாம். மற்றவர்கள் ஒரு ரன்னோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் அவர் திரும்பி ஓடுவார். களத்தடுப்பாளர் பதறி எறிவார். எறி தவறினால் இன்னொன்று. வேகப்பந்து வீச்சாளரை நோக்கி இரண்டு அடி முன்னே நடந்துவந்து அடிப்பதும் அவர் வழக்கம். இன்று இளம் மட்டையாளர்கள் எல்லாரும் செய்யும் காரியம்தான். ஆனால், தலைக்கவசம் பழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1980-களில் அது பந்துவீச்சாளரை அவமதிக்கும் செயலாகவே பார்க்கப்பட்டது.

164 ஒருநாள் போட்டிகளில் 6,068 ரன்கள், சராசரி 44.61, 7 சதங்கள், 46 அரைசதங்கள். 1990–91-இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்த 145 அதிகபட்சம். அணிகள் 220 ரன் எடுத்தாலே வெல்ல வாய்ப்புள்ள காலத்தின் எண்கள் இவை. உதட்டில் வெள்ளைத் துத்தநாகப் பூச்சும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் களத்தில் நிற்கும் தோற்றத்தை மெல்போர்ன் ரசிகர்கள் கொண்டாடினர். இந்தத் துடுக்குத்தனம் எப்போதும் கைகொடுக்கவில்லை. 1993 ஜனவரியில் சிட்னியில், மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் கர்ட்லி ஆம்ப்ரோஸின் வெள்ளை மணிக்கட்டுப் பட்டைகள் பந்தைப் பார்க்க இடைஞ்சலாக இருப்பதாகச் சொல்லி, கழற்றச் சொன்னார். ஆம்ப்ரோஸ் கழற்றினார். பிறகு ஆஸ்திரேலியாவின் 5 விக்கெட்டுகளை 32 ரன்னுக்குக் கழற்றினார். அன்று எதிர்முனையில் ஆடிய ஜோன்ஸின் சக வீரர்கள் யாரைத் திட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

டெஸ்ட் ஏற்றமும் நீக்கமும்

சென்னைக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அவர் டெஸ்ட் அணியின் நிலையான உறுப்பினர். 1987 தொடக்கத்தில் சிட்னி ஆஷஸ் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 184. 1989 பிப்ரவரியில் அடிலெய்டில் மேற்கிந்திய வேகப்படைக்கு எதிராக 216, இது அவருடைய டெஸ்ட் அதிகபட்சம். அதே ஆண்டு இங்கிலாந்தில் பார்டரின் அணி ஆஷஸை 4–0 என்று மீட்டபோது ஜோன்ஸ் 566 ரன்கள், சராசரி 70.75. அதற்காக 1990-இன் விஸ்டன் ஆண்டு வீரர்களில் ஒருவரானார். 1989–90-இல் அடிலெய்டில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 116, ஆட்டமிழக்காமல் 121.

இறக்கம் 1990–91-இல் தொடங்கியது. இங்கிலாந்துக்கு எதிரான உள்நாட்டு டெஸ்ட் தொடரிலும், தொடர்ந்து மேற்கிந்தியப் பயணத்திலும் ரன் வரவில்லை. ஜார்ஜ்டவுன் டெஸ்டில் விதியும் விளையாடியது. வால்ஷின் பந்தில் போல்டானதும் ஜோன்ஸ் திரும்பி நடந்தார். நடுவர் நோபால் என்று கூவியது கூட்டத்தின் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. கார்ல் ஹூப்பர் ஓடிவந்து குச்சியைப் பிடுங்க, ரன் அவுட் கொடுக்கப்பட்டது. நோபாலில் மட்டையாளர் ரன் எடுக்க முயன்றாலொழிய ரன் அவுட் தரக்கூடாது என்பது விதி. அது அந்த நேரத்தில் களத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஆனால், அவர் மீண்டார். 1992 பிப்ரவரியில் பெர்த்தில் இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 150. டர்ஹம் அணி இங்கிலாந்தின் முதல்தர கவுண்டியாக நுழைந்த முதல் பருவத்தில் அவர்களுக்காக ரன் குவித்தார். ஆகஸ்டில் இலங்கைப் பயணம். கொழும்பில் முதல் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 57. அந்த ஆட்டத்தை ஆஸ்திரேலியா 16 ரன்னில் வென்றது. கெத்தாராமையில் நடந்த இரண்டாவது டெஸ்டில் 77, ஆட்டமிழக்காமல் 100. மூன்றாவது டெஸ்ட் மொரட்டுவையில், அதில் 11, 21. தொடரில் மொத்தம் 276 ரன்கள், சராசரி 55.20.

அதே ஆண்டு நவம்பரில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுடனான முதல் டெஸ்டுக்கு அணி அறிவிக்கப்பட்டபோது ஜோன்ஸ் பன்னிரண்டாவது ஆள். 21 வயது டேமியன் மார்ட்டின் அறிமுகமானார். நீக்கப்பட்டிருந்த ஸ்டீவ் வாஹ் திரும்பினார். தேர்வாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. மேற்கிந்திய வேகத்துக்கு எதிராக, அந்த 216-ஐத் தவிர்த்தால், ஜோன்ஸின் எண்கள் மெலிந்தவை. எதிரே வந்தது அதே அணி. மார்ட்டின், வாஹ் இருவருமே பின்னாளில் பெரிய மட்டையாளர்கள் ஆனதால் அந்த முடிவு சரியென்று வாதிடுவோரும் உண்டு. என்றாலும், கடைசி நான்கு டெஸ்டுகளில் இரண்டு சதம் அடித்தவரை வெளியே உட்காரவைத்ததும், அதன்பின் ஒரே ஒரு டெஸ்டுக்குக்கூடத் திரும்ப அழைக்காததும் ஏற்கத்தக்க கணக்காகத் தெரியவில்லை. அவருடைய 46.55 சராசரி, அதே காலத்தில் நெடுநாள் ஆடிய பூனின் 43.65-ஐயும் மார்க் வாஹின் 41.81-ஐயும் விட அதிகம். மார்ட்டினும் 1994-இல் ஒரு தோல்விக்குப் பின் நீக்கப்பட்டு ஆறாண்டுகள் காத்திருந்தார் என்பது, அந்தத் தேர்வுக் குழுவின் பொறுமை எவ்வளவு என்பதற்கு இன்னொரு சான்று.

ஒருநாள் அணியில் மட்டும் 1994 வரை நீடித்தார். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கப் பயணத்தோடு சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். அடுத்த பருவத்தில் மெல்போர்னில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 324 அடித்தது, தேர்வாளர்களுக்கு எழுதிய கடிதம்போல் இருந்தது. பதில் வரவில்லை. 1996-இல் டெர்பிஷயர் அணியின் தலைவராகி, எளிய அணி என்று கருதப்பட்ட அதை கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடத்துக்கு உயர்த்தினார். 1997–98-இல் ஓய்வு. முதல்தர ஆட்டங்களில் 19,188 ரன்கள், 55 சதங்கள், சராசரி 51.85.

ஒலிபெருக்கிக்குப் பின்னால்

ஓய்வுக்குப் பின் அவருடைய பிழைப்பு பெரும்பாலும் ஆசியாவில். தொலைக்காட்சியில் ‘பேராசிரியர் டீனோ’ என்ற பெயரில் ஆட்ட நுணுக்கங்களை விளக்கினார். 2006 ஆகஸ்டில் கொழும்பு டெஸ்ட் வர்ணனையின்போது, ஒலிபரப்பு நின்றுவிட்டது என்றெண்ணி, தென்னாப்பிரிக்க வீரர் ஹாஷிம் ஆம்லாவைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்டார். தாடி வைத்த ஒரு முஸ்லிம் வீரரைப் பற்றிய இழிசொல் அது. டென் ஸ்போர்ட்ஸ் அவரை உடனே நீக்கியது. ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார். அவர் வாழ்வில் துடைக்க முடியாத கறை இதுவே.

பிற்பாடு பாகிஸ்தான் சூப்பர் லீகில் இஸ்லாமாபாத் யுனைடெட் அணியின் பயிற்சியாளராக 2016, 2018 ஆகிய இரு ஆண்டுகளில் கோப்பை வென்றார். சிறிது காலம் ஆப்கானிஸ்தான் அணிக்கும் பயிற்சியளித்தார். 2006-இல் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா விருது கிடைத்தது. ஆஸ்திரேலிய கிரிக்கெட்டின் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்க்க 2019 வரை ஆனது.

2020 செப்டம்பரில் ஐபிஎல் போட்டிகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தன. அதற்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஜோன்ஸ் மும்பையில் தங்கியிருந்தார். 24-ஆம் தேதி விடுதியில் மாரடைப்பு. உடனிருந்த முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் பிரெட் லீ மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றும் பயனில்லை. சேப்பாக்கத்துச் சமன் முடிந்து 34 ஆண்டுகளும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன. வயது 59.

கொரோனா கட்டுப்பாடுகளால் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் காலியாக இருந்தது. அவர் உடலை ஏற்றிய வண்டி அந்த மைதானத்தை ஒருமுறை வலம் வந்தது. டிசம்பர் 26 அன்று அங்கே தொடங்கிய பாக்ஸிங் டே டெஸ்டின் தேநீர் இடைவேளையில், பிற்பகல் 3.24 மணிக்கு, மனைவியும் இரு மகள்களும் அவருடைய மட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துவந்து ஆடுகளத்தருகே வைத்தனர். கூடவே நடந்து வந்தவர் ஆலன் பார்டர். எதிரணி இந்தியா.